ஈப்போவிலிருந்து தாத்தா ஊருக்கு: குடியேறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓய்வுக்காலத்தைக் கழிக்க வெளிநாட்டுக்காரர்கள் ஈப்போவைத் தேடி வருகிறார்கள். 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தின் 2024 விதிகளின்படி, வெள்ளிப் பிரிவில் சேர அவர்கள் 150,000 அமெரிக்க டாலரை வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அதே ஊரின் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பேச்சு எதிர்த்திசையில் போகிறது. சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு திருச்சிப் பக்கமோ சேலத்துப் பக்கமோ தாத்தா ஊரில் ஒரு வீடு வாங்கிப் போய்விடலாமா?

இந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. தோட்டத்து லய வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். சுங்கை சிப்புட், கோல கங்சார் வட்டாரங்களில் ரப்பர் இருந்த பல இடங்களில் இன்று செம்பனையோ வீடமைப்புத் திட்டமோதான் நிற்கிறது. லயம் போனபின் ஈப்போவின் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பதைவிட, ரிங்கிட் இன்னும் நீளும் ஊரில் சொந்தக் கூரையின் கீழ் இருக்கலாமே என்று தோன்றத்தான் செய்யும்.

இப்படி ஒரு பெயர்வு முன்பும் நடந்தது, ஆனால் விருப்பத்தால் அல்ல. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அதைத் தொடர்ந்து சுமார் 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கையில் சரியான தாள் இல்லாததுதான் அவர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. இன்று விரும்பிப் போகிறவர்களுக்கும் தாள்தான் முதல் கேள்வி.

நீல அடையாள அட்டை வைத்திருக்கும் மலேசியக் குடிமகன் இந்திய மண்ணில் சட்டப்படி வெளிநாட்டவர். சுற்றுலா விசா சுற்றிப் பார்க்க மட்டுமே, குடியிருக்க அல்ல. அங்கே நீண்ட காலம் வாழ உகந்தது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம், காவல்துறையில் பதிய வேண்டியதில்லை, வீடும் கடையும் வாங்கலாம். 2015 திருத்தத்தின்படி, இந்தியக் குடிமகனாக இருந்தவரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு அடுத்த தலைமுறையினர் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிக்கல் பூர்வீகத்தை நிரூபிப்பதில்தான். தாத்தாவின் பழைய கடப்பிதழ், அவருடைய ஊர் குறிக்கப்பட்ட பிறப்புப் பத்திரம் போன்றவை பெட்டியின் அடியில் இருக்கக்கூடும். வீட்டை ஒழிக்கும்போது பழைய தாள்களை எரித்துவிடாதீர்கள்.

ஓசிஐ குடியுரிமை அல்ல. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம், தோப்பு, பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. "தென்னந்தோப்போடு வீடு" என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சில தரகர்கள் வாக்காளர் அட்டையும் ரேஷன் அட்டையும் வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். அதைத் தொடவே கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேர்வது இந்தியாவில் குற்றம். மலேசிய அரசியலமைப்பின் 24ஆவது பிரிவோ இன்னும் கடுமையானது: அந்நிய நாட்டுத் தேர்தலில் வாக்களிப்பதையே குடியுரிமையைப் பறிப்பதற்குக் காரணமாக எடுத்துக்கொள்ள அது இடம் தருகிறது. இரட்டைக் குடியுரிமையை மலேசியா ஏற்பதில்லை. சிவப்பு அட்டை வைத்திருக்கும் முதியோர்களுக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மறுநுழைவு அனுமதி காலாவதியாகும்வரை அங்கேயே இருந்துவிட்டால், நிரந்தரவாசத் தகுதியே கேள்விக்குள்ளாகலாம். புறப்படுமுன் குடிநுழைவுத் துறையில் கேளுங்கள்.

அடுத்தது பணம். குடியுரிமையைத் துறந்து சேமநிதியை மொத்தமாக எடுக்கும் வழியை யாராவது காட்டினால் மறுத்துவிடுங்கள். 55 வயதுக்குப் பின் அந்தக் கணக்கிலிருந்து தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு எடுக்கலாம்; மிச்சம் இருப்பதற்கு 100 வயதுவரை லாபஈவு உண்டு. வாரிசு நியமனத்தைப் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள்தான் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கலாம். இந்திய நிதியாண்டில் 182 நாள் தங்கினால் அங்கே வரிவாசியாகிறீர்கள். மலேசிய வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டிய காலம் பிறகு வரக்கூடும். இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், ஒரு பட்டயக் கணக்காளரைப் பார்ப்பது வீண் செலவாகாது.

வீட்டு விஷயத்தில் மனத்தை வருத்தும் தவறு ஒன்று உண்டு. "நமக்கு ஓசிஐ இன்னும் வரலையே, தம்பி பேருல எழுதிக்கலாம்" என்று உறவினர் பெயரில் வாங்குவது. அது பினாமிச் சட்டத்தில் சிக்கலாம். மனம் மாறிய உறவினரிடமிருந்து வீட்டை மீட்பது அதைவிடக் கடினம். பிள்ளை கவனிக்காவிட்டால் எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற உதவும் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், மூத்த குடிமகன் என்பவரை 60 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் என்றே வரையறுக்கிறது. மலேசியக் கடப்பிதழ்க்காரர் அந்தக் கதவை நம்பிப் பத்திரம் எழுதக் கூடாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. கோயம்புத்தூர்ப் பக்கத்து முதியோர் குடியிருப்புகளைப் போன்ற புதிய கட்டடத் திட்டம் என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள். பதிவான திட்டத்தில் கட்டுநர் ஏமாற்றினால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் வேறுபாடுகளும் உண்டு. முதல் வாரத்திலேயே "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியைக் கேட்பார்கள். ஒரே லயத்தில் பல ஊர்க்காரர்களோடு வளர்ந்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும். வெளிநாட்டுக்காரர் என்பதால் கல்யாணம், காதுகுத்து, கோயில் நன்கொடை எல்லாம் வாசலுக்கு வரும். ஈப்போ பெரிய மருத்துவமனையில் சில ரிங்கிட்டில் கிடைத்த சிகிச்சைக்கு அங்கே தனியார் மருத்துவமனையில் கைக்காசைக் கொட்ட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையோடு இணைந்தது, மலேசியருக்கு எட்டாது. ஆகவே முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றி முடிவெடுங்கள்.

இரு நாட்டிலும் சொத்து இருந்தால் இரண்டு உயில் எழுதுங்கள். இந்தியாவில் எழுதும் உயிலில் "முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து" என்ற வழக்கமான வரி அப்படியே இருந்தால் ஈப்போ உயிலும் செல்லாமல் போகலாம். "இந்தியச் சொத்துகளைப் பொறுத்தவரை மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். கடப்பிதழ் தொலைந்தாலோ, மரணத்தைப் பதிய வேண்டியிருந்தாலோ சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே போய் இறங்கியதும் உங்கள் முகவரியை அதில் பதிந்துவிடுங்கள்.