காரைக் களிமண்ணுக்கு எத்தனை இன்ச் லிஃப்ட் வேணும்?

போன வருஷம் ஒரு பழைய மஹிந்திரா தார் வாங்கினேன். 2020-க்கு முந்தைய மாடல். முன்னால் டார்ஷன் பார், பின்னால் லீஃப் ஸ்பிரிங். வாங்கின காரணம் எளிது. சனி ஞாயிறுகளில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதைபடிவம் பார்க்கப் போகும் பழக்கம் எனக்கு உண்டு. காரை, கொளக்காநத்தம் பக்கம் இருக்கும் வெட்டாங்காடு மாதிரியான களிமண் மேடுகளில் என் சின்ன கார் இரண்டு முறை வயிறு தட்டி நின்றுவிட்டது. தார் வந்ததும், அடுத்து என்ன? எல்லாரும் கேட்கும் அதே கேள்விதான்: எத்தனை இன்ச் தூக்கலாம், எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

திருச்சியில் ஒரு பட்டறையில் விசாரிச்சேன். "மூணு இன்ச் லிஃப்ட், பெரிய பட்டன் டயர், ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்" என்றார்கள். கையில் காசும் இருந்தது. ஆனால் எதையும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் செய்ய முடியாத தொழில் வியாதி எனக்கு. அந்தத் தாளைத்தான் இங்கே விரிச்சு எழுதறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். சஸ்பென்ஷன் லிஃப்ட் வேறு, டயர் கொடுக்கும் உயரம் வேறு. என் வண்டியின் பின் ஆக்சில் ஒரே குழாய். நடுவில் பூசணிக்காய் மாதிரி டிஃபரன்ஷியல் தொங்குது. கல்லில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சில் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கூட உயராது, ஏன்னா ஸ்பிரிங் இருப்பது ஆக்சிலுக்கு மேலே. உயர்வது சேஸிஸும் பாடியும் மட்டும். ஆக்சிலைத் தூக்கணும்னா ஒரே வழி பெரிய டயர். அதுவும் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும்.

கம்பெனி டயர் 235/70 ஆர் 16. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம் என்பது, 16 ரிம்மின் இன்ச். 235-இல் 70 சதவீதம் 164.5; மேலும் கீழும் சேர்த்து 329; ரிம் 406.4. மொத்த விட்டம் 735 மி.மீ. இந்த வண்டிக்குப் பலரும் சொல்லும் அடுத்த அளவு 245/75 ஆர் 16. அதே கணக்கில் 774 மி.மீ. வித்தியாசம் 38 சொச்சம், பாதி 19. அதாவது நாலு டயருக்கும் காசு கொட்டினால் டிஃபரன்ஷியல் ஒரு விரல் அகலம் உயரும். அவ்வளவுதான்!

அப்போ லிஃப்ட் எதுக்கு? ஒண்ணு, பெரிய டயர் ஸ்டியரிங் திருப்பும்போது ஃபெண்டரில் உரசாமல் இருக்க. இன்னொண்ணு, கோணங்களுக்காக. வரப்பு ஏறி இறங்கும்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வயிறு தட்டுமே, அதுக்கு. இந்த வண்டியின் வீல்பேஸ் 2,430 மி.மீ. வயிறு 50 மி.மீ. உயர்ந்தால் அந்தக் கோணம் சுமார் நாலரை டிகிரி கூடும். இது உண்மையான லாபம்தான், குறைச்சுச் சொல்லக் கூடாது.

விலை எங்கே கொடுக்கிறோம்னு பார்க்கலாம். முன்னால் டார்ஷன் பார் என்பது முறுக்கப்பட்ட ஒரு எஃகுக் கம்பி. போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் எழும்பும். ஐந்து நிமிஷ வேலை, செலவே இல்லை. அதனாலேயே ஆபத்து. சக்கரம் மேலே போக ஒரு தூரம், கீழே தொங்க ஒரு தூரம் என்று சஸ்பென்ஷனுக்கு மொத்தமாக ஓர் அளவு உண்டு. திருகித் தூக்கினால் அந்த மொத்தம் கூடாது. கீழே தொங்கும் பங்கை எடுத்து மேலே போகும் பங்கில் சேர்க்கிறோம், அவ்வளவுதான். பள்ளத்தில் சக்கரம் கீழே போய் மண்ணைத் தொட வேண்டிய நேரத்தில் அந்தரத்தில் நிற்கும். கூடவே முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் எப்போதும் சரிந்த கோணத்திலேயே சுழலும். ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், உள்ளே மண் போகும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் ஷேக்கிளை 2 இன்ச் நீளமாகப் போட்டால் வண்டி 1 இன்ச்தான் எழும்பும், ஏன்னா ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும்தான் இறங்குது, ஆக்சில் நடுவில் இருக்கு. அதோடு ஆக்சில் கொஞ்சம் சுழன்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் கோணமும் மாறும். 50, 60-இல் ஒரு உறுமல் கேட்க ஆரம்பிச்சால் அதுதான் காரணம்.

புவியீர்ப்பு மையம் இன்னொரு விஷயம். சக்கரங்களுக்கு நடுவே அகலம் 1,450, மையம் 700 உயரத்தில்னு வெச்சுக்குங்க. நின்ற இடத்தில் வண்டி பக்கவாட்டில் கவிழ 46 டிகிரி சரிவு வேணும். மையம் 75 மி.மீ. ஏறினால் 43. மூணு டிகிரிதானேன்னு தோணும். இது நிற்கும் வண்டிக்கான கணக்கு. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி எதிரே ஏறி வரும்போது சட்டென்று இடப்பக்கம் ஒடிச்சுத் திருப்பிப் பாருங்க, அந்த மூணு டிகிரியின் மதிப்பு தெரியும். அந்த லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவர்கள் பிரேக்கையும் மறக்கக் கூடாது. டயர் 5 சதவீதம் பெரிதானால் அதே வேகத்தில் நிறுத்த டிஸ்க்கில் 5 சதவீதம் அதிக முறுக்கு விசை வேணும். கனமான டயர் என்றால் அதுக்கு மேலும்.

எனக்கே உரிய ஒரு நஷ்டமும் இருந்தது. என் நோட்டில் புதைபடிவ இடங்களை எல்லாம் ஓடோமீட்டர் தூரத்தில்தான் குறிச்சிருக்கேன்: கோயில் மேடையிலிருந்து இத்தனை, புளியமரத்திலிருந்து இத்தனை என்று. 245/75 போட்டால் மீட்டர் 4 கி.மீ. காட்டும்போது வண்டி 4.2 போயிருக்கும். ஸ்பீடோ 60 காட்டினால் நிஜம் 63. வேகக் கேமரா விஷயத்தில் இது சிரிப்பு இல்லை.

இவ்வளவும் எழுதி வெச்சிருந்தும் மனசு கேட்கலை. முடிவு செஞ்சது ஒரு ஐப்பசி ஞாயிறு.

நண்பர் ஒருவர் என்னுடைய அதே மாடலை மூணு இன்ச் தூக்கி, கனமான மட் டயர் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு வண்டியும் காரை மேட்டுக்குப் போனோம். முந்தின இரவு மழை. மேலே காய்ஞ்ச மாதிரி ஓடு, உள்ளே கூழ். ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பெரியவர், "தம்பி, மழ பெஞ்சா இங்க ஆடே எறங்காது, நீங்க வண்டிய எறக்குறீங்களே" என்றார். நான் முப்பது அடியில் நின்றேன். நண்பர் ஐம்பது அடி போனார். அவர் டயரின் பட்டன்களுக்கு நடுவே களிமண் அப்பி, வழவழன்னு ஒரு உருளை ஆகிவிட்டது. கொளக்காநத்தம் பக்கமிருந்து டிராக்டர் வந்து இரண்டையும் இழுத்தது.

அந்த டிராக்டர் டயரைக் கவனிச்சேன். உயரமான வரிகள், நடுவே பெரிய இடைவெளி, சுழலும்போது மண் தானாகக் கழன்று விழுது. சாலை வண்டிக்கு அந்த இடைவெளி கொடுக்க முடியாது. என் ஓட்டத்தில் முக்கால்வாசி திருச்சி, சென்னை நெடுஞ்சாலை. மழைத் தாரில் மட் டயரின் பிடிப்பு குறைவு, சத்தம் அதிகம்.

களிமண்ணில் உண்மையில் உதவுவது காற்றை இறக்குவது. டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறக்குறைய, சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தது. ஆளும் சாமானும் சேர்த்து 1,800 கிலோன்னா சக்கரத்துக்கு 450. 32 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ, பரப்பு 200 சதுர செ.மீ. 18-க்கு இறக்கினால் சுமார் 355. பக்கச் சுவரின் விறைப்பு கொஞ்சம் சுமையைத் தாங்கும், அதனால் இது தோராயம். ஆனால் கவனிங்க, இந்தக் கணக்கில் டயரின் விட்டமே வரலை. அதே காற்றில் பெரிய டயர் போட்டால் தொடும் பரப்பின் வடிவம் மாறும், அளவு பெரிசா மாறாது. 3,000 ரூபாய் கம்ப்ரஸர் செய்யும் வேலையை லிஃப்ட் செய்யாது. திரும்பத் தார் ரோடு ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆகணும். 18-இல் 80 கி.மீ. வேகம் போனால் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் டேப்பை எடுப்பார் என்பதையும் நினைவில் வைக்கணும்.

கடைசியாக நான் செஞ்சது இது. ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையையும் டேப்பால் அளந்தேன். பின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 22 மி.மீ. தாழ்ந்திருந்தது. பழைய லீஃப் பிளேட்டுகள் தளர்ந்து உட்கார்ந்துவிட்டன. புது செட் போட்டதும் பின்பக்கம் கம்பெனி உயரத்துக்கு வந்தது. தேடிய லிஃப்ட் அங்கேயே ஒளிஞ்சிருந்தது! டார்ஷன் பாரைத் தொடலை. டயர் அதே 235/70 அளவில் ஆல் டெரெய்ன். ஒரு கம்ப்ரஸர், ஒரு இழுவைப் பட்டை, ஒரு மண்வெட்டி.

இன்னொரு காரணத்தை நேர்மையாகச் சொல்லணும். 1860-களில் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை வரைபடமாக்கினார். ஸ்டோலிஸ்கா இங்குள்ள அம்மோனைட்டுகளையும் பிற உயிர்களையும் தொகுதி தொகுதியாக விவரிச்சார். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் அடி இது. காரையில் பெலம்னைட் துண்டுகள் துப்பாக்கிக் குண்டு மாதிரி தரையிலேயே கிடக்கும். டிராக்டர் எங்களை இழுத்த தடத்தில் நடந்து பார்த்தேன். நண்பரின் சக்கரம் அரைச்ச பள்ளத்தில் மூணு பெலம்னைட் நொறுங்கிக் கிடந்தது, உடைப்பு புதுசு, உள்ளே தேன் நிறத்தில் பளபளன்னு. என் தடத்தில் ஒண்ணு.

சாத்தனூர் கல்மரத்துக்கு ரோடு இருக்கு. எந்த வண்டியும் போகும். காரைக்கு இப்போது ரோட்டோரப் புளியமரத்தடியிலேயே தாரை நிறுத்திட்டு நடக்கிறேன். மேடு வரை பதினெட்டு நிமிஷம். மார்கழி, தை மாதங்களில் போனால் தரை காய்ஞ்சிருக்கும், வெயிலும் தாங்கும். தண்ணி ரெண்டு லிட்டர் எடுத்துக்குங்க, அங்கே நிழல் கிடையாது.