காணாமல் ஆக்கப்பட்டவருக்குப் பிதிர்க்கடன் செய்யலாமா?

ஆடி அமாவாசை நெருங்கும்போது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு கேள்வி எழும். யாரும் அதைச் சத்தமாகக் கேட்பதில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறியபோது கணவரைக் கடைசியாகக் கண்ட என் உறவுக்காரப் பெண் ஒருவர், இன்றும் குங்குமம் வைக்கிறார். வளர்ந்துவிட்ட மகனிடம் ஊர்ப் பெரியவர்கள், "தம்பி, இந்த முறையாவது அப்பாவுக்கு விரதம் பிடி" என்கிறார்கள். மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்தால், தாயின் குங்குமத்துக்கு என்ன பொருள்?

இதற்கு விடை தேடுமுன், அந்தக் கிரியை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவ மரபில் ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்களுக்கும், சித்திராப் பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கும் உரிய விரத நாட்கள். என் தந்தைக்காக நானும் கீரிமலைக்குப் போகிறேன். தீர்த்தமாடி, விரலில் தர்ப்பைப் பவித்திரம் அணிந்து, தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விடுகிறோம். வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு படைத்து, காகத்துக்கு வைத்த பிறகே சாப்பிடுகிறோம்.

ஆனால் எள்ளைத் தொடுவதற்கு முன்பே கிரியை தொடங்கிவிடுகிறது. முதலில் வருவது சங்கற்பம். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்காக இதை நான் செய்கிறேன் என்று செய்பவர் தன் வாயால் சொல்லவேண்டும். மனம் அதற்கு உடன்படவேண்டும். சைவம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளைச் சொல்வதும் இதனால்தான். கை செய்வது உள்ளத்துக்குள் போய்ச் சேரவேண்டும்.

ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி செய்கிறோம். சபிண்டீகரணத்தில் இறந்தவருக்குரிய பிண்டத்தை முன்னோரின் பிண்டங்களோடு சேர்க்கிறோம். அதன்பின் அப்பா பிதிர்களில் ஒருவர். அங்கே மகனும் மாறுகிறான். அப்பாவைத் தேடுவதை விட்டு, அவரை நினைக்கத் தொடங்குகிறான்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இயலாமல் இருப்பது இந்த ஒரு மாற்றம்தான். அவருக்கு என்ன நடந்தது என்று எவரும் பதில் சொல்லாதபோது, தேடுவதை எப்படி நிறுத்துவது? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் போராடத் தொடங்கியதும் அந்தப் பதிலுக்காகத்தான். அவர்களைப் போன்ற பலர் கோயிலுக்குள் போய், பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்கிறார்கள். அருச்சனை உயிரோடு இருப்பவரின் நலத்துக்கானது. தர்ப்பணம் மறைந்தவருக்கானது. ஒரே பெயரை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் அவர்களுடைய வாழ்க்கையே நிற்கிறது.

நம் மரபு இந்தத் தவிப்பை அறியாததல்ல. தொலைந்துபோனவருக்காகக் காத்திருக்கும் காலம் பொதுவாக 12 ஆண்டுகள் எனத் தர்மசாத்திர நூல்கள் சொல்கின்றன. அதன்பின் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து தகனம் செய்து, கிரியைகளை நடத்தலாம். 2009இல் இருந்து கணக்கிட்டால் அந்தக் காலம் 2021இலேயே முடிந்துவிட்டது. பெரியவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நூல்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. கிரியை முடிந்தபின் அவர் திரும்பி வந்தால், நெய்யால் நீராட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்யும் சாதகர்மம் முதலான சடங்குகளை மீண்டும் செய்து, தன் மனைவியையே மறுபடியும் மணம் முடிக்கச் செய்யவேண்டும். இறுதிக் கிரியை செய்தபிறகும் கதவை முற்றாகப் பூட்டிவிடாத மரபு இது.

ஆகவே, செய்ய விரும்பும் குடும்பம் குற்ற உணர்வில்லாமல் செய்யலாம். கிரியை மரணச் சான்றிதழ் ஆகாது. எள்ளும் நீரும் விட்ட மகன் மறுநாள் போராட்டக் கொட்டகையில் அப்பாவின் படத்தோடு உட்காரலாம். உண்மையைக் கேட்கும் உரிமை அவனிடமே இருக்கிறது.

செய்ய மனம் வராத குடும்பத்தை யாரும் குறை சொல்லவும் வேண்டாம். "பிதிர் சாபம் பிடிக்கும்" என்று அந்தத் தாயைப் பயமுறுத்தவே வேண்டாம். சங்கற்பத்தை அயலவர் சொல்லிக்கொடுக்கலாம், அவருக்காகச் சொல்லமுடியாது. அது அவர் வாயிலிருந்து வரும் நாளில் வரட்டும். வராவிட்டால், அவர் ஏற்றும் விளக்கும் வழிபாடுதான்.