சபிப்பதற்கன்று, சிகிச்சைக்கு உரியவர்

மதீனாவில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். ஆயினும் மதுப்பழக்கம் அவரை விடவில்லை. அதற்காகத் தண்டனையும் பெற்றார். மீண்டும் ஒருநாள் அவர் கொண்டுவரப்பட்டபோது, கூடியிருந்தவருள் ஒருவர் அவரைச் சபித்தார். நபிகளார் அதனைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்றும் எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

மது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடிக்கு அடிமையாதல் ஒரு நோயுமாகும் என்பதை நம் குடும்பங்கள் உணர்தல் வேண்டும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் கெடும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள்களில் சித்தம் கலங்கி, உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. எனவே, அவரை அறையில் பூட்டி வைப்பது சிகிச்சையன்று. மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்தச் செய்தல் வேண்டும். 'தயமின்' எனும் வைட்டமினும், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் அங்கே தரப்படும்.

குடியை வெறுக்கச் செய்யும் 'டைசல்ஃபிரம்' மாத்திரையை அவரறியாமல் உணவில் கலப்போரும் உளர். இது பெருந்தவறு. அம்மருந்தின் மேல் மது அருந்தினால் இதயமே பாதிக்கப்படலாம்.

உடல் தேறிய பின்னரும் ஆலோசனையும் குடும்பத்தாரின் அரவணைப்பும் பல மாதங்கள் தேவை. இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால், மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஊர் பேசுமே என அஞ்சி நோயை மறைக்காதீர். தௌபாவின் வாசல் திறந்தே உள்ளது. மருத்துவரின் வாசலுக்கு அவரை அழைத்துச் செல்வது நம் கடமை.