பிறந்த குழந்தையின் கண்களைக் காப்போம்

பிரசவம் நீடித்துத் தாய் களைத்துவிடும்போதும், குழந்தையின் இதயத் துடிப்பு தளரும்போதும், மருத்துவர்கள் ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியையோ உறிஞ்சு கருவியையோ பயன்படுத்துகின்றனர். மக்கள் இதனை 'ஆயுதப் பிரசவம்' என்பர். தாய், சேய் இருவர் உயிரையும் காக்கும் முறை இது. எனினும், அரிதாகக் குழந்தையின் கண்ணில் காயம் ஏற்படுவதுண்டு.

கண்ணின் வெண்பகுதியில் தோன்றும் சிவப்புத் திட்டு குறித்து அஞ்ச வேண்டியதில்லை. இயல்பான பிரசவத்திலும் இது உண்டாகும்; சில வாரங்களில் தானே மறையும். கருவிழி வெண்மையாக மங்குவதோ வேறு வகையானது. இடுக்கியின் அலகு கண்ணை அழுத்தும்போது, கருவிழியின் முன்னுள்ள தெளிந்த படலத்தின் உட்சவ்வு கிழியலாம். கண்ணின் உள்நீர் படலத்தில் ஊறுவதால் அது வீங்கி மங்குகிறது. பெரும்பாலும் ஒரு கண்ணே பாதிக்கப்படும். பிறவிக் கண்நீர் அழுத்த நோயிலும் கருவிழி மங்குமாதலால், கண் மருத்துவரே வேறுபாட்டைக் கண்டறிய வேண்டும்.

சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கல் தெளிவதுண்டு. குணமாகிவிட்டது என்று பெற்றோர் கருதுவது இங்கேதான். ஆனால், படலத்தின் வளைவு சீர்கெட்டிருப்பின் அக்கண்ணில் உருவம் தெளிவாக விழாது. மூளை நல்ல கண்ணையே நம்பப் பழகிவிடும். மற்றது பார்வைத் திறன் வளராத 'சோம்பல் கண்' ஆகிவிடும். உரிய கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சிறிது நேரம் மூடிவைப்பதே சிகிச்சை. இளமையில் தொடங்கினால்தான் இது நன்கு பயன்தரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடுவது தீங்கானது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2005-06இல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21இல் 88.6 சதவீதமாக உயர்ந்தன. எனவே, வீடு திரும்புமுன்பே குழந்தையின் கண்களைச் சோதிக்கும் வாய்ப்பு பெருகியுள்ளது. வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ், மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் ஆஷா பணியாளர்கள் பார்வையிடுகின்றனர். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனைக்கு வழிசெய்கிறது.

ஆயுதப் பிரசவம் என்பதையும் கண்ணின் நிலையையும் மருத்துவமனைச் சீட்டில் குறித்துக் கொடுத்தல் நன்று. கருவிழி மங்கியிருந்த குழந்தையை, அது தெளிந்த பின்னரும் பள்ளிப் பருவம் வரை கண் மருத்துவரிடம் காட்டிவருதல் பெற்றோர் கடமையாகும்.