முன்னும் பின்னும் இல்லாத வண்டி

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கு வட்டமான திருப்புச் சக்கரம் இருக்கவில்லை. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் காப்புரிமை கோரிய மூன்று சக்கர வண்டியை, படகோட்டி சுக்கானைத் திருப்புவதுபோல, ஒரு கைப்பிடியைப் பற்றித்தான் திருப்ப வேண்டியிருந்தது. 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த ஓட்டத்தில் வஷெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் தம் பான்ஹார் வண்டியில் வட்டச் சக்கரம் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வந்தார். அன்று வந்து அமர்ந்த சக்கரம் நாளடைவில் வண்டிக்கே எஜமானாகிவிட்டது. அதைப் பிடித்திருப்பவரின் கண் எங்கே பார்க்கும், கை எதுவரை எட்டும், கால் எங்கே ஊன்றும் என்ற கணக்கை வைத்தே முகப்புக் கண்ணாடியும், மழைநீரைத் துடைக்கும் வைப்பர்களும், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிகளும், ஒரே திசை நோக்கிய ஆசன வரிசைகளும் ஏற்பட்டன; சாரதியின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதே பிரயாணம் என்று மற்றவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

சாரதியை நீக்கும் முயற்சி ஆரம்பத்தில் பரிகாசத்துக்கு இடமாகவே இருந்தது. 2004 மார்ச்சில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை ஆளின்றிக் கடக்கும் வண்டிக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிக்க, அதிக தூரம் சென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து வண்டியே 12 கிலோமீட்டரை எட்டுமுன் வழியில் சிக்கிக்கொண்டது. மறு ஆண்டு அக்டோபரில், கூரைமேல் லேசர் கருவிகளைச் சுமந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ வண்டி 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது.

ஆனால், சக்கரத்தையே பிடுங்கி எறியலாம் என்ற துணிவு யந்திரத்தின் சாமர்த்தியத்தைக் கண்டு பிறந்ததன்று. மனித சுபாவத்தைக் கண்டு பிறந்தது என்பதுதான் இதில் ரசமான விஷயம். கூகிள் நிறுவனத்தார் தம் ஊழியர் சிலரிடம் இத்தகைய கார்களைக் கொடுத்து, நெடுஞ்சாலையில் அது தானே ஓடும், ஆயினும் எப்போதும் கவனமாயிருங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். உள்ளேயிருந்த காமிராவோ, ஒருவர் முகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொள்வதையும் மற்றொருவர் அயர்ந்து உறங்குவதையும் காட்டிக்கொடுத்தது. பாதி வேலையை யந்திரம் செய்தால் மீதிப் பாதியை மனிதன் செய்யமாட்டான் என்பது அவர்களுக்கு விளங்கிற்று. 2014-இல் அவர்கள் காட்டிய குட்டி வண்டியில் திருப்புச் சக்கரமும் இல்லை, மிதிகளும் இல்லை. பொதுச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது மட்டும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கழற்றி மாட்டக்கூடிய சக்கரத்தையும் மிதிகளையும் வைத்துக்கொண்டார்கள்.

2020 டிசம்பரில் ஜூக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வண்டி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நீளம் நாலு மீட்டர்கூட இல்லாத அதில் நால்வர் பழைய கோச்சு வண்டியில்போல எதிரெதிரே அமர்கிறார்கள். நான்கு சக்கரங்களும் திரும்புகின்றன. அதற்கு முன் என்றும் பின் என்றும் பேதமில்லை. முட்டுச்சந்தில் புகுந்தால் வட்டமடிக்க வேண்டியதில்லை, வந்தபடியே மறுதிசையில் புறப்பட்டுவிடலாம். ஆனால் எதிரெதிரே அமர்ந்தவர்களுக்குப் பழைய காற்றுப்பை பயன்படாது. பயணிகளை அணைத்துக்கொள்ளும் புதுவிதமான பைகள் தேவைப்பட்டன. தலைசுற்றல் வேறு இருக்கிறது: அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே அறிந்த சாரதிக்கு அது அநேகமாக வருவதில்லை, புத்தகத்தில் கண்ணும் வளைவில் காதின் சமநிலை உறுப்பும் ஒன்றுக்கொன்று முரணாகச் சேதி சொல்லும் பிரயாணிக்கே வருகிறது. வண்டியில் ஏறிய எல்லாரும் இனிமேல் பிரயாணிகள்தாமே!

சாரதி பார்த்துவந்த சில்லறை வேலைகளின் அருமையும் மெல்லத்தான் தெரிகிறது. 2023-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் சாரதியில்லாத கார்களை வெறுத்த சிலர், சாலையில் கிடக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை எடுத்து முன்மூடியின்மேல் வைத்தார்கள். லட்சக்கணக்கான லேசர்த் துடிப்புகளால் உலகை அளக்கும் கார் அப்படியே நின்றுவிட்டது. இறங்கி வந்து அதை எடுத்துப் போட, உள்ளே யாரும் இல்லை.