பொருக்குக்குக் கீழே என்ன?

கோடையில் சென்னைக் குழந்தைகளின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மூக்குக்குக் கீழேயோ வாயோரத்திலோ சிறு கொப்புளம் தோன்றும், உடையும், நீர் கசியும். மறுநாள் அங்கே தேன் உறைந்தாற்போல் மஞ்சள் பொருக்கு. "சூட்டுக் கொப்புளம், தானே போய்விடும்" என்பார் பாட்டி. அக்கி என்று கருதிக் காவி பூசுவோரும் உண்டு. அக்கி வேறு, அது சின்னம்மை வைரஸால் வருவது. இது இம்பெடிகோ. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் என்று இதை 1864-இல் லண்டன் மருத்துவர் டில்பரி ஃபாக்ஸ் விவரித்தார். ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாக்களே காரணம்.

இக்கிருமிகளுக்குச் சென்னைக் கோடை மிக வசதி. கடற்காற்று மயிலாப்பூரையும் அடையாற்றையும் தொட்டுவிட்டுத்தான் தியாகராயநகருக்குப் போகிறது. ஆறுதலான காற்றுதான், ஆனால் ஈரம் சுமந்து வருகிறது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. தோல் ஊறுகிறது, வேர்க்குரு அரிக்கிறது, குழந்தை சொறிகிறது. நகக்கீறல் போதும், கிருமி நுழைந்துவிடும்.

பொருக்கு எப்படி உண்டாகிறது? கஞ்சி போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஆவியாகிவிடுகிறது, மாவுப்பொருள் தங்கி விறைக்கிறது. புண்ணில் கசிவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதிலுள்ள நீர் போனபின் புரதங்கள் இறுகிவிடுகின்றன. இதைக் கண்டு புண் ஆறுகிறது என எண்ணிவிடலாகாது. அடியில் கிருமிகளுக்கு ஈரம், வெப்பம், உணவு மூன்றும் கிடைக்கின்றன. மேலே தடவும் களிம்போ உள்ளே சரிவர எட்டுவதில்லை.

கஞ்சி நீரில் இளகுமல்லவா? பொருக்கும் அப்படியே. உலர்ந்திருக்கும்போது பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த தூய துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் வைத்து, சோப்பு நீரால் மெல்லத் துடைத்தெடுங்கள். பிறகே மருத்துவர் தந்த களிம்பு. ஓரிரு புண்ணுக்கு முபிரோசின் களிம்பு 5 நாள் தடவினால் பெரும்பாலும் போதும். புண்கள் பலவானால் உள்ளுக்கும் மருந்து தேவைப்படும். மருந்துக்கடையில் தாமாகவே எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அது சிவப்பைக் குறைத்துக் காட்டும். தோலின் எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள். துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். மருந்து தொடங்கி ஒரு முழு நாள் ஆகும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

சின்னப் புண்ணுக்கு இவ்வளவு கவனம் எதற்கு? ஸ்ட்ரெப்டோகாக்கஸில் சில வகைகள் அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தாக்குவதுண்டு. கிருமி அங்கே போவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள்கள் கிருமியின் கூறுகளோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. அதுவும் புண்ணை மறந்துபோன பிறகு, ஏறத்தாழ 3 வாரம் கழித்து! காலையில் கண்ணிமை வீங்கியிருக்கும்; சிறுநீர் குறைந்து, பால் கலக்காத தேநீர் நிறத்தில் போகும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் முழுக்கக் குணமடைகின்றனர். களிம்பும் மாத்திரையும் இதை நிச்சயம் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கிருமி தம்பி தங்கைக்கும் அடுத்த வீட்டுக்கும் பரவாமல் காக்கும். புண் வந்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அடுத்த ஒன்றரை மாதம் குழந்தையின் சிறுநீர் நிறத்தைக் கவனித்து வாருங்கள்.