“டப்” சத்தம்... கம்ப்யூட்டர் அவுட்! மலிவு எஸ்.எம்.பி.எஸ். வாங்குவோர் உஷார்!

தஞ்சை–

“டப்” என்று ஒரு சத்தம். கருகல் வாடை. மேசைக்கு அடியில் லேசாகப் புகை. அவ்வளவுதான், கம்ப்யூட்டர் அவுட்!

கடை வாசலில் சிட்டா நகல் எடுக்க விவசாயிகள் நிற்கிறார்கள். சிட்டா, அடங்கல் இல்லாமல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட முடியாது. நெல்லோ களத்தில் கிடக்கிறது. வானமோ கருக்கிறது. தஞ்சை வட்டாரக் கிராமத்தில் ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் பல பேர் வயிற்றில் புளி கரைகிறது.

2022-ல் நாடு முழுவதும் 63 ஆயிரம் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. இனி நகைக்கடன், பயிர்க்கடன் கணக்கும் இந்தப் பெட்டிக்குள்தான்.

புகைந்தது எது? எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் கேட்டால் கொடுப்பார்களே, அந்தத் தகரப் பெட்டி. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் கரண்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது இதன் வேலை. மட்டமான சரக்கு வெடித்தால் தனியாகப் போகாது. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனாலும் போகும்.

லேபிள் தந்திரம்

மலிவுப் பெட்டியில் “450” என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆசாமி அதைப் பார்த்து மயங்கிவிடுகிறார். பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள கட்டத்தை யார் படிக்கிறார்கள்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 12 ஆம்பியர் என்றால், பன்னிரண்டு பன்னிரண்டு 144 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டைத்தான் தின்கின்றன. மீதி 300 வாட் எங்கே? பெரும் பகுதி லேபிளில்தான்!

பில் போட, டைப் அடிக்க மட்டும் என்றால் 65 வாட் பிராசசருக்கு அந்த 144 கூட ஒப்பேறும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் 150 வாட் கார்டு ஒன்றைச் செருகினால் போச்சு! எல்லாப் பாகங்களின் வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் பாதி சேர்த்து வாங்குவது நல்லது. அதற்காகக் கணக்குப்பிள்ளை மேசைக்கு 750 வாட் வாங்கி வைப்பது எலிக்கு யானைச் சங்கிலி.

மாட்டுவது எப்படி?

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். 24 முள் ஒயர் மதர்போர்டின் ஓரத்துக்கு. 4 அல்லது 8 முள் ஒயர் பிராசசர் பக்கத்துக்கு. இதை மறந்துவிட்டு “பேன் சுற்றுது, படம் வரல” என்று புலம்புகிறவர்கள் உண்டு. கார்டுக்கும் 8 முள் இருக்கிறது. ஆனால் அச்சு வேறு. நுழையாததைக் குத்தி நுழைக்கக்கூடாது.

கழற்றி மாட்டும் ஒயர் உள்ள பெட்டி என்றால், பழைய பெட்டியின் ஒயரைப் புதியதில் மாட்டவே கூடாது. ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வரிசை மாறியிருந்தால் டிஸ்க் கருகிவிடும்.

பழைய மாடலின் பின்புறம் 115, 230 என்று சின்ன சுவிட்ச் இருக்கும். நம் ஊருக்கு 230. பிள்ளைகள் விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்டுக் கரண்ட் கொடுத்தால் அடுத்த நொடி “டப்”! பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கம்ப்யூட்டரைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னில் செருகும் கெட்டிக்காரத்தனத்தின் பலன் அது.

மோட்டார் ஓடும் நேரம்

டெல்டா கரண்டுக்கு ஒரு தனி குணம். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் போர் மோட்டார்தான் கதி. 2024-ல் வழக்கமான ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவைக்கு மோட்டாரையே நம்ப வேண்டியதாயிற்று. ஒரே டிரான்ஸ்பார்மரில் பல மோட்டார் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும். எஸ்.எம்.பி.எஸ். அதே வேலைக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடாகும். “200–240” என்று போட்ட பெட்டி அப்போது அணைந்துவிடலாம். கிராமத்துக்காரர்கள் “100–240” என்று பார்த்து வாங்கினால் பிழைத்தார்கள்.

இதைவிடப் பெரிய எமன் நியூட்ரல் கட். காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து நியூட்ரல் அறுந்தால், சில வீடுகளில் 230 வோல்ட் 400-ஐ நெருங்கிவிடும். எந்தப் பெட்டியும் நிற்காது. கஜா புயல் கரை கடந்த 2018 நவம்பர் 16-க்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப் போன கரண்ட் திரும்பி வரும்போது “வந்துட்டு!” என்று ஓடிப்போய் சுவிட்சைப் போடக்கூடாது.

பல்பைப் பாருங்கள். ஒன்று கண்ணைக் கூசி, இன்னொன்று மங்கினால் உடனே மெயினை இறக்கிவிட்டு லைன்மேனுக்குச் சொல்ல வேண்டும். அவர் வந்து கம்பியைச் சரி செய்து, பல்பு ஒரே சீராக எரிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பிளக்கில் கை வைக்கலாம்.